சொந்தத்துக்கு விற்கிற வண்டி

பிப்ரவரி 9, 2025

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பல வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை இன்று சாப்பிடும்போது தேவியிடம் சொல்லிவிட்டேன். கார் வாங்கப் போகிறேன். ஏதோ ஒரு கார் இல்லை. சின்னது, வேகமானது, பின்னால் இறக்கை வைத்தது. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தேவி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அம்பத்தோரு வயசுல எறக்கை வச்ச காரா? எங்க பறக்கப் போறீக?"

எங்கே பறப்பது? எங்கள் போடிக்குப் பக்கத்தில் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரும், இயற்பியல் படித்தவனுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று நம்பி, மதுரையில் இருந்த கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். ஆய்வுக்கூடம் வரவில்லை. தனியார் பள்ளியில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருக்கிறேன். என்னிடம் படித்துத் தோற்ற பையன்கள் காரில் வந்து ஹார்ன் அடித்து, ஸ்கூட்டரில் போகும் என்னை ஓரம் கட்டுகிறார்கள். ஒவ்வொருவன் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் தேவி ஒரு நிபந்தனை போட்டாள். "வாங்குறதுன்னா என் தம்பிகிட்ட வாங்குங்க. வெளியாள்கிட்டப் போயி ஏமாறாதீக."

பிப்ரவரி 12

என் பணத்துக்கு போனில் காட்டுவதெல்லாம் வெள்ளைக் கார்கள். பாதி வாடகைக்கு ஓடித் தேய்ந்தது. ஒன்றின் பின்கண்ணாடியில் யாரோ ஒரு கட்சித் தலைவரின் படத்தைச் சுரண்டிய தடம். இதற்கு ஸ்கூட்டரே மேல்.

பிப்ரவரி 16

தேனி ரோட்டில் விஜயகுமார் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம். தேவியின் தம்பி. எங்கள் கல்யாணத்துக்கு மறுநாளே என்னை "வாத்தியாரு" என்று கூப்பிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன்.

ஆனால் கார்! சிவப்பு. கூரை மட்டும் கறுப்பு. டர்போ எஞ்சின். கேரளாவில் ஒரு டாக்டர் வைத்திருந்ததாம். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றியாகிவிட்டது. புதிய வண்டியின் விலையில் பாதிகூட இல்லை. எங்கள் சேமிப்பும் தேவியின் சீட்டுப் பணமும் சேர்த்தால் தொட்டுவிடலாம். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன்.

"சொந்தத்துல லாவம் பாத்தா வெளங்குமா மச்சான்?"

"சாவியக் குடு மாப்ளே. மெக்கானிக்கிட்ட ஒருதடவ காட்டிட்டு வந்துர்றேன்."

அவன் முகம் சுருங்கியது. "தாராளமாக் காட்டுங்க." பிறகு என்னைப் பார்க்காமல் தேவியிடம் சொன்னான். "யக்கா, ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நாம மச்சானப் பத்தி யார்கிட்டயாச்சும் விசாரிச்சமா? வாத்தியாருன்னாக, நம்பிக் குடுத்தோம்."

வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். தேவி என் முழங்கையைக் கிள்ளினாள். சொந்தக்காரன் விற்கிற மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து முறை. காருக்கும் அதுதான் போலிருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 23

எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்தாயிற்று. முந்தல் தாண்டி மலையில் ஏறினோம். திருப்பத்திலிருந்து வெளியே வந்து மிதிக்கும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது. ஒரு ஜீப்பை முந்தினேன். ஒரு பெரிய காரையும் முந்தினேன். அதை ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் போவதில்தான் சுகம்.

உள்ளே ஏலக்காய் வாசம் தூக்கலாக இருக்கிறது. சீட்டுக்கடியில் ஒரு துணிப்பை நிறைய ஏலத்தூசி. விஜயகுமாருக்கு போன் போட்டுக் கேட்டேன். "போடியில ஓடுற வண்டி மல்லியப்பூவா மணக்கும்?" என்றான்.

தேவி திரும்பி வரும்போது பாட்டுப் போடச் சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

மார்ச் 2

காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்திருக்கிறது. வெளியே மழையும் இல்லை, பனியும் இல்லை. ஏன்?

மார்ச் 19

இறைவணக்கம் நடக்கும்போது என் கார் தானாக ஹார்ன் அடித்தது. நிற்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றித்தான் நிறுத்தினேன். எண்ணூறு பிள்ளைகள். ஹெட்மாஸ்டர் மைக்கை மூடாமலே சொன்னார், "சார் வண்டிக்கும் சார் மாதிரியே பொசுக்குனு கோவம் வருது."

இதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 6

இன்று செத்திருப்போம்.

போடிமெட்டில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். கீழ்த் திருப்பங்களில் ஒன்று. ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன் — வரவில்லை. கல்லில் சொருகிய மாதிரி இறுகிப்போய்விட்டது. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. பிரேக்கை அமுக்கினேன், முழு உடம்பையும் போட்டு அமுக்கினேன். இடது முன்பக்கம் தடுப்புச்சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைதான் தெரிந்தது.

பின்னால் வந்த ஜீப்பு நின்றது. எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள். "ஏ சாரு, ரோடு இங்கிட்டுல்ல இருக்கு! அங்கிட்டு எறங்கவா வண்டி வாங்குனீக?" என்று ஒருத்தி கத்த, ஜீப்பே சிரித்தது. பிறகு அவர்களே இறங்கி வண்டியைத் தள்ளி ஓரம்கட்டினார்கள். அவளே தேவிக்குத் தண்ணீர் கொடுத்தாள். "பயப்படாத ஆத்தா, ஒண்ணுமில்ல. குடி."

எஞ்சினை அணைத்துப் போட்டதும் ஸ்டியரிங் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்தது. ஊர்ந்து இறங்கினோம். வீடு வரும்வரை தேவி டாஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 7

பள்ளிக்கு லீவு போட்டேன். முன்சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினேன். கீழே வண்டல். காய்ந்து, வெடித்து, கண்மாய்த் தரை மாதிரி. ஒரு நெல் உமிகூட இருந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்புக் கோடு. நான்கு பெல்ட்டிலும் ஒரே உயரத்தில். நீர் தன் மட்டத்தைத் தானே காணும் என்று வருடாவருடம் நடத்துகிறேன்!

ஏதோ ஒரு வெள்ளத்தில் சீட்டு உயரத்துக்கு முங்கிக் கிடந்த வண்டி. கழுவி, காயவைத்து, ஏலத்தூசி போட்டு என் தலையில் கட்டியிருக்கிறான்.

ஏப்ரல் 8

விஜயகுமாரின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினேன். தேவி வாசலை மறித்தாள். "மே மாசம் அவன் மகளுக்குக் காதுகுத்து. தாய்வீடுன்னு எனக்கு இருக்குறது அது ஒண்ணுதான். அதையும் அத்துவிட்றாதீக."

சரி என்றேன். சரி என்று எப்படித்தான் சொன்னேனோ.

மே 11

தேவாரம் ஊரில் விஜயகுமார் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் சகலை சின்ராசு தன் நீளமான வெள்ளைக் காரின் நாலு கதவையும் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். தேவியின் அக்கா கணவர். மாமனார் வீட்டில் எனக்கு முன்னால் அவருக்கு இலை போட்டதிலிருந்து நாங்கள் வேண்டியதை மட்டும்தான் பேசுவோம். இன்று காற்று அவர் வண்டிப் பக்கமிருந்து அடித்தது. ஏலக்காய். அதற்கு அடியில் குட்டை நாற்றம். எனக்கு அந்த நாற்றம் இப்போது நன்றாகத் தெரியும். போய் அவர் சீட்டுக்கடியில் கைவிட்டேன். அதே துணிப்பை.

"சகல, இது எப்ப முங்குனது?"

"எது முங்குனது? என் வண்டியா? பத்தரமாத்து!" பிறகு சுற்றிலும் பார்த்துக் குரலை இறக்கினார். "ஒமக்குமா?"

"எனக்குந்தான்."

"மெதுவாப் பேசும்யா. மூணு வருசமா ஓட்டுறேன். மழ பேஞ்சா கண்ணாடி தானா எறங்கிருது. கொடையப் பிடிச்சுக்கிட்டு கார் ஓட்டுற ஆளு நான் ஒருத்தன்தான்."

"அவன்கிட்டக் கேக்கலையா?"

"என்னன்னு கேக்க? மச்சினன் ஏமாத்திட்டான்னா? ஊரே சிரிக்கும். மொத ஆளா நீருல்ல சிரிப்பீரு!"

உண்மை. சிரித்திருப்பேன்.

இப்போது புரிகிறது. வெளியாள் மெக்கானிக்கோடு வருவான். அவனுக்கு நல்ல வண்டி. சொந்தக்காரன் பல் பிடித்துப் பார்க்க மாட்டான், ஏமாந்த பிறகு வெளியே சொல்லவும் மாட்டான். அவனுக்கு முங்கின வண்டி. எங்கள் மரியாதையை வைத்தே தொழில் செய்கிறான்.

பந்தியில் விஜயகுமாரே எனக்கு இலை போட்டு, "வண்டி எப்படி மச்சான், பறக்குதா?" என்றான். பக்கத்தில் தேவி. "பறக்குது மாப்ளே" என்றேன்.

மே 13

சுகன்யா கார் வாங்குகிறாள். தேவியின் சித்தப்பா மகள். மலைமேல் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூன் மாதம் மகனையும் மேலே பள்ளியில் சேர்க்கிறாளாம். தினமும் இரண்டு பேரும் அந்தத் திருப்பங்களில் ஏறி இறங்க வேண்டும். விஜயகுமாரிடம் நீலக் கார் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. "சொந்தத்துக்குன்னு கொறச்சுப் போட்டுக் குடுத்தாரு" என்று தேவியிடம் போனில் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

மே 14

சர்வீஸ் பற்றிக் கேட்கிற சாக்கில் அவன் இடத்துக்குப் போனேன். நீலக் கார் திறந்து கிடந்தது. பின்சீட் பெல்ட்டை இழுத்தேன். பழுப்புக் கோடு. அந்தச் சீட்டில்தான் அவள் பையன் உட்காருவான்.

"என்ன மச்சான், பெல்ட்ட இழுத்து இழுத்துப் பாக்குறீக? பரிச்ச வைக்கிறீகளா?" பின்னால் விஜயகுமார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். கண் சிரிக்கவில்லை.

மே 15

சுகன்யா வீட்டுக்குப் போனேன். முங்கின வண்டி, வாங்காதே என்றேன். அவள் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. ஒங்களுக்கு யாரத்தான் புடிச்சிருக்கு? என் கல்யாணத்துல மாப்ள மொகமே சரியில்லன்னீக. இன்னைக்கு வரைக்கும் அந்த மனுசன் பீடிகூடத் தொட்டதில்ல. நியூட்ரினோ வரலன்னு ஊரையே வஞ்சீக. சின்ராசு மச்சான் மேல கோவம், ஹெட்மாஸ்டர் மேல கோவம். இப்ப விஜயண்ணே."

"என் வண்டிய வந்து பாரு."

"ஒங்க வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு தேவியக்கா சொல்லுச்சே? காதுகுத்துல நீங்களே பறக்குதுன்னு சொன்னீகளாம்?"

"அந்த பெல்ட்ட மட்டுமாச்சும் இழுத்துப் பாரு."

"அண்ணே முன்னாடி எப்படி மச்சான் அதப் பண்ணுவேன்? சங்கடப்படுவாருல்ல?"

கோபத்தில் விஜயகுமாரின் பழைய கதையெல்லாம் எடுத்துக் கொட்டினேன். சொல்லச்சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் சொன்னது நான்.

மே 16

சகலைக்கு போன் போட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி. "எனக்குச் சோலி கெடக்கு, என்னைய இதுல இழுக்காதீரும்" என்று வைத்துவிட்டார்.

மே 18

தேவி தானாகவே கேட்டாள். "அந்த நீல வண்டியும் அப்படித்தானா?"

ஆமாம் என்றேன்.

நீண்ட நேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அன்னைக்குச் செவத்துக்கிட்ட நின்னமே. அதுல அவளும் அந்தப் பிள்ளையும் இருந்தா?" அழுதாள். "ஏதாச்சும் செய்ங்க. நான் சொன்னேன்னு மட்டும் வரக் கூடாது."

நாளை மறுநாள் முகூர்த்தம் பார்த்து வண்டி எடுப்பதாக இருந்ததை, ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காததால் அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறாளாம். அதையும் தேவிதான் சொன்னாள்.

மே 19

சுகன்யாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுந்தபோது மூன்று பக்கம். 'வாத்தியாரு' என்று கூப்பிட்டதில் தொடங்கி எல்லாம் இருந்தது. நல்ல நடை. நல்ல விஷம். படித்துப் பார்த்தேன். சுகன்யாவின் காரைப் பற்றி இரண்டாம் பக்கக் கடைசியில்தான் வருகிறது.

கிழித்துப் போட்டேன்.

மே 20

மறுபடி எழுதினேன். கோடை வகுப்பு எடுக்கப் போன இடத்தில், பள்ளிக் கணினியில், எழுத்து அடையாளம் தெரியாதபடி. இவ்வளவுதான் வந்தது:

'நீங்கள் வாங்கப்போகும் நீல நிற வண்டியின் பின்சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள். சேற்றுத்தடம் இல்லையென்றால் சந்தோஷமாக வாங்குங்கள். இருந்தால், அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலையில் இறங்காதீர்கள். ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிடும்.'

விஜயகுமார் பெயர் இல்லை. ஒரு வசவு இல்லை. இப்படி ஒரு பக்கத்தை நான் எழுதி எத்தனை காலமாயிற்று?

அடியில் பெயர் போடுவதா? மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் கோழை என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் பெயரைப் போட்டால் சுகன்யா முதலில் பெயரைத்தான் படிப்பாள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் இன்னொரு கோபமாகிவிடும். பெல்ட்டை இழுக்க மாட்டாள். கையெழுத்துப் போட்டுச் சொல்கிற புத்திமதியை இந்த ஊரில் யார் கேட்டார்கள்? மொட்டைக் கடுதாசியைப் படிக்காமல் கிழித்தவர் மட்டும் ஒருவரும் கிடையாது.

தேவியிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெல்ட்டுன்னதும் ஒங்க நெனப்புத்தான் வரும். ஆனா வசவே இல்லாத இத நீங்கதான் எழுதுனீகன்னு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாக" என்றாள். உறையில் விலாசத்தை அவளே இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தாள்.

பெயர் போடவில்லை. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.