எழுபத்தொரு பர்சன்டைலுக்கு ஜாங்கிரி

அப்பா,

தங்கையின் நீட் மாதிரித் தேர்வு முடிவு இன்று காலை என் போனுக்கு வந்தது. நீ போன பிறகு, பெற்றோர் எண் என்ற இடத்தில் என் எண்தான் இருக்கிறது. மார்க் முப்பத்தைந்து கூடியிருக்கிறது, பர்சன்டைல் குறைந்திருக்கிறது. அவளைக் கடைசி பேட்சுக்கு மாற்றச் சம்மதம் கேட்டு அடியில் ஒரு வரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே உன் ஞாபகமும் வந்தது.

நான் அதே பயிற்சி மையத்தில் படித்தபோது, முதல் முடிவில் ‘71’ என்று இருந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று என்று நினைத்து, ரெட்டியார்பாளையத்தில் நம் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டாய். அது மார்க்கே இல்லை, பர்சன்டைல் என்று எதிர்வீட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே விளக்கினார். எனக்கு அழுகை வந்தது. நீ அசரவில்லை.

“ரேஷன் க்யூவுல நூறு பேர் நின்னா, எழுவத்தோரு பேரு எம்பொண்ணுக்குப் பின்னால. இதுக்கு ஜாங்கிரி தரக் கூடாதா?” என்றாய்.

அடுத்த தேர்வில் எனக்கு நாற்பது மார்க் கூடியது. பர்சன்டைல் அறுபத்து நான்குக்கு இறங்கியது. மையத்தில் உன்னைக் கூப்பிட்டு, “பொண்ணு எறங்கிட்டா. கடைசி பேட்சுக்கு மாத்துறோம், கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். கடைசி பேட்சில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லக்கூட ஆள் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்திருந்தாய்.

“மார்க் ஏறிருக்குல்ல சார்? எம்பொண்ணு எறங்கல. மத்த புள்ளைங்க இன்னும் வேகமா ஏறிருக்கு, அவ்ளோதான். ஏறுற புள்ளைய எதுக்கு சார் பின்னால தள்ளுறீங்க? நான் கையெழுத்து போட மாட்டேன்.”

வெட்கத்தில், “வாப்பா, போயிடலாம்” என்று உன் சட்டையை இழுத்தேன். நீ நகரவே இல்லை. கடைசியில் அவர்கள்தான் அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

“சண்ட வேணாங்க்கா, சரின்னு அனுப்பிடு” என்கிறாள் தங்கை. முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளை நேரிலேயே போகிறேன்.

“உனக்கே மெடிக்கல் சீட் கிடைக்கலையே” என்று என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும். கிடைக்கவில்லைதான், நான் நர்ஸ்தான். ஆனால் கடைசி வகுப்பு வரை அதே பேட்சில் உட்கார்ந்து, கைதூக்கிச் சந்தேகம் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அவளும் கேட்பாள், அப்பா.