பன்னிரண்டு ரோஜா

பிரியமுள்ள மச்சான் முனிரத்தினத்துக்கு,

கோபம் தீர்ந்திருந்தால் மட்டும் மேலே படி. உன்னை நாலு பேர் முன்னால்தான் கேலி செய்தேன், அதனால் இதையும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

போன வாரம் நம் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொடுக்க ஒரு அம்மா வந்திருக்கிறார், பெயர் ஒக்சானா. எந்த ஊர் என்று நினைக்கிறாய்? உன் சபோரிஷியாதான், மச்சான்! முன்பு நீ வேலை பார்த்த கம்பெனி உன்னை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியதே, அதே ஊர். "ரஷ்யா போய் வந்தவன்" என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் நீ விடாமல் திருத்துவாய்: "ரஷ்யா இல்ல மாப்ள, உக்ரைன்."

அந்த ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தோம். அந்த ஊர் நீப்பர் ஆற்றைப் பற்றி நீ ஆரம்பித்தாய். ஆற்று நடுவில் தீவு, அதில் கொசாக்கு என்ற குதிரை வீரர்கள், அவர்களுக்கு ராஜா கிடையாது, கூட்டம் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றாய். எழுநூறு வயது ஓக் மரம் என்றாய். பின்னாளில் அங்கே பெரிய அணை கட்டினார்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அவர்களே வெடி வைத்தார்கள், கீழே இருந்த சொந்த ஜனமே வெள்ளத்தில் செத்தது என்றாய். அதைச் சொல்லும்போது கையிலிருந்த பொரியைக் கீழே வைத்துவிட்டாய்.

நான்தான் கெடுத்தேன். "ஏம்ப்பா, நம்ம கிருஷ்ணகிரி டேமுக்கு நாமளே வெடி வெப்பமா? வுடு மச்சான், பொரியத் தின்னு!" என்றேன். கன்னடக்கார நாகராஜ் "எல்லாம் சுள்ளு!" என்று கைதட்டினான். சுள்ளு என்றால் அவர்கள் பாஷையில் பொய். அன்றிலிருந்து நீ 'சுள்ளு' முனிரத்தினம் ஆனாய். அதற்குப் பிறகு அந்த ஊர்க் கதை ஒன்றாவது சொன்னாயா நீ?

விட்டேனா? பூ விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்டில் யார் பத்து கொடுத்தாலும் நீ ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். "உசுரோட இருக்கறவங்களுக்கு ஒத்தப்படையில குடுக்கணும். ரெட்டப்படை செத்தவங்களுக்கு. அந்த ஊர்ல அப்படித்தான்" என்பாய். என் வீட்டுக்காரி, உன் தங்கை சரசு, அதை அப்படியே நம்பினாள். எனக்குச் சிரிப்பு.

மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ரோஜா வாங்கி வந்தேனே, பன்னிரண்டு. தெரிந்தேதான் வாங்கினேன், மச்சான். உன்னைச் சீண்டிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்தேன்.

நீ விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாய். "மாப்ள, ஒண்ண எடுத்துர்றா" என்றாய். "போ மச்சான், இங்கயும் உன் சுள்ளா?" என்றேன். வார்டே சிரித்தது. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நாலாம் நாள் உன்னை உன் சொந்த ஊர் ஊத்தங்கரைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

இப்போது கேள். ஒக்சானா அம்மாவை வரவேற்க என்னைத்தான் பூச்செண்டோடு நிறுத்தினார்கள். பத்து ரோஜா. அந்த அம்மா வாங்கியதும் எண்ணிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். "பத்து என்றால் சவத்துக்கு" என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா கையில் இருந்த மீதியை நானும் எண்ணினேன், ஒன்பது.

மதியம் கேன்டீனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீவு உண்டு. கொசாக்கு உண்டு. அணைக்கு வெடி வைத்தது நிஜம்; அந்த அம்மாவின் பாட்டன் அந்த வெள்ளத்தில் போனவராம். பக்கத்தில் இருந்த நாகராஜ் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான், சாப்பிடவில்லை. உனக்கு ஒரு சேதியும் உண்டு: அந்த ஓக் மரம் பட்டுப்போய்விட்டதாம், ஒரே ஒரு கிளை மட்டும் இன்னும் துளிர்க்கிறதாம்.

பூவால் யாரும் சாவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீ கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு பூவை எடுக்கச் சொல்லித்தானே? அதைக்கூடச் செய்யாத நான் என்ன மனுஷன்? சரசுவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

வருகிற ஆயுத பூஜைக்கு அதே இடத்தில், அதே ஆட்களை உட்காரவைத்து, நீ விட்ட இடத்திலிருந்து அந்த ஊர்க் கதையை நான் சொல்வேன். முதலில் என் புத்தி கெட்ட கதை, பிறகு உன் ஆற்றின் கதை. அப்புறம் ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறி உன்னிடம் வருவேன், பன்னிரண்டு ரோஜாவோடு. இப்போது அந்த எண்ணிக்கை சரிதான். ஆனாலும் ஒன்றை எடுக்கச் சொல்லி ஒரு தடவை கேளேன், உடனே எடுத்துவிடுகிறேன்.

தலைகுனிந்து,
உன் தங்கை சரசுவின் புருஷன்,
உன் மாப்பிள்ளை