ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவே

ரீபே,
8 மார்ச் 2016

அன்புள்ள போடில் அக்காவுக்கு,

இன்று காலை தபால் பெட்டியில் உன் ஈஸ்டர் விளையாட்டு மொட்டைக் கடிதம் கிடந்தது. மடித்துக் கத்தரித்த வெள்ளைக் காகிதம், உள்ளே ஒரு பனிப்பூ, வழக்கமான கிண்டல் பாட்டு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக்கு ஒன்றாக ஐந்து புள்ளிகள். B-o-d-i-l, ஐந்தெழுத்துக்காரி நீதானே? கண்டுபிடித்துவிட்டேன். விளையாட்டு விதிப்படி ஈஸ்டருக்கு நீ எனக்கு ஒரு சாக்லேட் முட்டை தர வேண்டும்.

மூன்று வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அடுப்படியில் நின்றபடியே நாலு தடவை படித்தேன். அப்பா, "என்னடி, காகிதத்தப் பாத்துச் சிரிக்கிற?" என்றார். "அக்கா வம்புக்கு இழுக்குறா" என்றேன். காபிக் கோப்பையோடு நழுவிவிட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு விருந்துக்கு முந்தின நாளே வந்துவிடேன். சனிக்கிழமை அழுக்கு முட்டை செய்கிறேன். சின்ன வயதில், வெந்த முட்டைமேல் அம்மா கடுகுக் குழம்பை ஊற்றியதும், நீ மஞ்சள்கருவைத் தின்றுவிட்டு வெள்ளையை என் தட்டில் தள்ளுவாய். அவள் பார்க்காததுபோல் இருப்பாள். எனக்கு இன்னும் அந்தக் குழம்பு கட்டிதட்டுகிறது. நீ வந்து கிண்டிக் கொடு.

மாடியில் உன் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன்.

உன் தங்கை,
சோல்வை


ஓர்ஹூஸ்,
12 மார்ச் 2016

சோல்வை,

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. எனக்கும் ஒன்று வந்தது, S-o-l-v-e-j என்ற உன் பெயருக்கு ஏற்றபடி ஆறு புள்ளிகளோடு. நீதான் என்று நினைத்து, நடந்ததெல்லாம் போதாமல் விளையாட்டு வேறா என்று மேசை இழுப்பறைக்குள் எறிந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். இடது ஓரம் பிய்ந்திருக்கிறது. கத்தரிக்கோலை அப்படிப் பிடிப்பவர் நம் வீட்டில் ஒருவர்தான். எண்பது வயதில் அப்பா மகள்கள் பெயரில் கள்ளப் புள்ளி வைத்திருக்கிறார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் சவ அடக்கத்தன்று, டாக்டரோடு வந்துபோன செவிலி என்னிடம் கேட்டதை உனக்குச் சொன்னதில்லை. "டாக்டர் காலைல ஏழு மணிக்கே இன்னைக்குத் தாங்காதுன்னு சொல்லிட்டாரேம்மா, ஒங்க தங்கச்சி கூப்பிடலையா?" என்றாள். நீ என்னை அழைத்தது பதினொன்றுக்கு மேல். எல்லாம் இப்போதுதான் திடீரென்று முடிந்துவிட்டது என்றாய். இங்கிருந்து அங்கே காரில் இரண்டு மணி நேரம்.

நடுவே அந்த நாலு மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்? நிஜத்தை எழுது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, எழுதினால் ஈஸ்டருக்கு வருகிறேன்.

போடில்


ரீபே,
16 மார்ச் 2016

அன்புள்ள அக்கா,

அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, நான்தான். ரெண்டு கழுதைகளும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, நான் எந்தப் பக்கம் பாக்குறது?" என்றார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

அந்த வாரம் அப்பா இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஒரு வருடமாக அவளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நான். மாதம் ஒரு முறை நீ பூங்கொத்தோடு வருவாய், அவள் முகமே மாறிவிடும். "சோல்வை, அக்காவுக்குக் காபி போடும்மா" என்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், கடைசி நாளாவது அவள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை.

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு, "போடில் எங்க?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்காம்மா" என்றேன். அதற்குப் பிறகும் உன்னை அழைக்கவில்லை.

இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. வா.

சோல்வை


ஓர்ஹூஸ்,
21 மார்ச் 2016

சோல்வை,

நீ எழுதிவிட்டாய். நானும் சொன்னபடி வருவேன், ஞாயிறு மதியத்துக்கு மட்டும். அப்பா பக்கத்தில் உட்காருவேன். நீ சமைத்ததைச் சாப்பிடுவேன், ரொட்டி கேட்டால் நகர்த்தி வைப்பேன். அவர் இருக்கும்வரை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இப்படியே வருவேன். தன் வேலை பலித்தது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பிறகு எனக்கு எழுதாதே.

அம்மாவை உனக்கென்று வைத்துக்கொண்டதற்காக இல்லை. ஒரு வருடம் நீ பட்டது எனக்குத் தெரியும். பூங்கொத்து வாங்கி வருவது எவ்வளவு சுலபம் என்றும் தெரியும். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படி நினைத்திருப்பேனோ என்னவோ. அதை மன்னித்துவிட்டேன்.

ஆனால் நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டாயே. அதைக் கேட்டபின் அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். எட்டு மணிக்குக் கிளம்பினால்கூட பத்துக்கெல்லாம் வந்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். பத்து மணிக்கு மேலும் நான் வரவில்லை. அப்போது என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள், சோல்வை?

போடில்