மணல் மானும் சின்னப் பேணியும்

மச்சான்,

இன்று காலை காரைச் சோதித்துத் தந்த எம்.ஓ.டி. காகிதத்தைத் தேடி கார் டாஷ்போர்டைக் கிண்டினேன். காகிதம் கிடைக்கவில்லை. உன்னுடைய பேணிதான் கையில் தட்டுப்பட்டது. மூன்று மிடறு மட்டும் கொள்ளும் அந்தச் சின்ன எவர்சில்வர் பேணி. ஹவுன்ஸ்லோக் குளிரில் சில்லிட்டுக் கிடந்தது. அதைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்துவிட்டேன். வேலைக்குப் பிந்தப் போகிறேன், எல்லாம் உன்னால்தான்.

உன் மகளின் கலியாணக் காட் கொடுக்கப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். போனில் அனுப்பினால் போதும் என்றாள் பிள்ளை. "வீடு வீடாய்ப் போய்க் கையிலை குடுக்காட்டி அது என்ன அழைப்பு?" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் மெசினோடு கிடந்த மனிதன் நீ. ஒரு நாளைக்கு முக்கால் லீற்றருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

நான்தான் கார் ஓட்டினேன். தோர்ண்டன் ஹீத்தில் நாலு வீடு, பார்க்கிங் என்ற ஊரில் மூன்று வீடு. எங்கள் சனத்தைத் தெரியும்தானே. "நல்ல காரியத்துக்கு வந்திட்டு வாய் நனைக்காமல் போறதோ?" ஒவ்வொரு வீட்டிலும் முழுக் கோப்பை தேத்தண்ணி வந்தது. நீ ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தாய். "குடியடா, குறை நினைப்பினம்" என்றேன். நான்தான் சொன்னேன் மச்சான், வேறு யாருமில்லை.

திரும்பும் வழியில் உனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கட்டிவிட்டது. "பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாத்திட்டனெண்டால் காணும்" என்று இழுத்து இழுத்துச் சொன்னாய். உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் நின்று நான் அழுததை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நல்ல பேச்சு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். நீயோ போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"இஞ்சை பார், என்ரை ஆள்!"

வெளிறிய உடம்பும் கரிய பெரிய கண்ணுமாக ஒரு மான். அரேபியப் பாலைவனத்து மணல் மான்.

"சவூதியிலை லொறி ஓடேக்கை ஒருக்கால் கண்டனான். மணல் எண்டுதான் நினைச்சன். பிறகு அந்த மணல் எழும்பி ஓடிச்சுது."

அன்று நீ சொன்னதெல்லாம் இன்னும் எனக்குப் பிரமிப்புத்தான். அந்த மானுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமலே நெடுநாள் போகும். விடியற்காலையில், இலையில் பனி ஈரம் காயுமுன் மேய்ந்துவிடும். அந்த ஈரமும் இலைச்சாறும்தான் அதன் குடிநீர். வெயில் ஏறினால் நிழல் தேடி, மணலைக் காலால் கிளறிக் குளிர்ந்த குழியில் படுத்துக்கொள்ளும். வறட்சி முற்றினால், கேள், அதன் ஈரலும் இதயமும் சுருங்குமாம்! சுருங்கிய உறுப்புக்குக் குறைந்த காற்றே போதும். மூச்சுக் குறைந்தால் மூச்சோடு போகும் ஈரமும் குறையும். மூளைக்கு மட்டும் கொழுப்பைச் சேமித்துவைக்கும். அட கடவுளே, இதையெல்லாம் அதற்கு ஆர் சொல்லிக்கொடுத்தார்கள்?

"என்ரை இதயம் வீங்கிப்போச்சுதாம். அது தன்ரையைச் சுருக்குது. ஆர் கெட்டிக்காரன் சொல்லு?" என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய். "ஜீப்பிலை துரத்தித் துரத்திச் சுட்டு இப்ப கொஞ்சம்தான் மிச்சமாம். தாகத்துக்குத் தப்பின சீவன், மனிசனுக்குத் தப்பேல்லை."

"குடியடா" என்று சொன்ன வாயோடு நான் தலைகுனிந்து இருந்தேன். நீ பார்த்தும் பாராததுபோல் இருந்தாய்.

அடுத்த கிழமை இந்தப் பேணியை வாங்கினேன். ஹவுன்ஸ்லோவில் மிச்சமிருந்த ஐந்து வீட்டிலும் கதிரையில் இருக்குமுன்னரே அதை நீட்டினேன். "அக்கா, இவருக்கு இதிலை மட்டும் ஊத்துங்கோ. கூடினால் ஆள் போயிடுவார்." ஒரு வீட்டு அக்காவின் முகம் கறுத்தது. கறுத்தால் கறுக்கட்டும். நீ ஒவ்வொரு மிடறையும் வாயில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல விழுங்கினாய். தேத்தண்ணியை அப்படிக் குடித்த ஒருவரை நான் கண்டதில்லை.

கலியாணத்தைப் பார்த்துவிட்டாய். உன் மனைவி தண்ணீர் வார்க்க, நடுங்காத கையால் பிள்ளையைத் தாரைவார்த்துக் கொடுத்தாய். அதன் பிறகு எட்டு மாதம் இருந்தாய்.

நீ போய் முப்பத்தோராம் நாள் படையலுக்கு, உனக்குப் பழகியது என்று உன் மனைவி இந்தப் பேணியில்தான் தேத்தண்ணியை ஊற்றப்போனா. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! "வேண்டாம் அக்கா, அதிலை வேண்டாம்! வீட்டிலை இருக்கிறதிலை பெரிய கோப்பையைக் கொண்டு வாங்கோ." பேணியை என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, கோப்பையின் விளிம்புவரை நானே ஊற்றினேன். தட்டில் சிந்தியதை யாரும் துடைக்கவில்லை.

பேணியை மறுபடி டாஷ்போர்டில் வைத்தேன். எந்த வீட்டிலும் யாரையும் "குடியுங்கோ" என்று நான் இப்போது வற்புறுத்துவதில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்கப் பனித்துளி. வைப்பரைப் போடக் கை போனது. இவ்வளவு ஈரம் கிடைத்தால் உன்னுடைய ஆளுக்கு ஒரு நாள் ஓடிவிடும், இல்லையா? வெயில் ஏறி அது தானாகக் காயட்டும் என்று விட்டிருக்கிறேன்.