ஆற்றைத் திருப்பிய மருமகளுக்கு

அன்பு மருமகள் வாலுக்குட்டிக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அத்தையும் நம் சலவை நிலையத்தின் நான்கு இயந்திரங்களும் ஆக ஏழு பேரும் சுகம், மூன்றாவது இயந்திரத்துக்கு மட்டும் லேசாக இருமல். அங்கே நீயும் உன் ஒற்றை அறையும் அதில் ஒழுங்காகச் சாத்தாத ஜன்னலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் என்றால் பாதியில் நீ சிரித்துவிடுகிறாய், மீதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், கடிதத்தில்தான் என்னை ஒருவரும் குறுக்கே வெட்ட முடியாது. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி முதல் வரியிலேயே எழுது என்று உன் அம்மா சொன்னாள், கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கிறேன், அதற்குள் பசித்திருந்தால் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படி.

நீர் மேலாண்மையில் முதுகலை சேர அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் கேட்ட தகுதிகளை நீ ஒவ்வொன்றாக வாசித்தாயே, அப்போது நான் மகாராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து இருக்கு, இருக்கு என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். இளங்கலைப் பட்டம், இருக்கு. வேதியியலோ அதற்குப் பக்கத்து வீட்டுப் படிப்போ, இருக்கு. கணக்கில் நல்ல மதிப்பெண், எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லாதது உனக்கு இருக்கு. மொழித் தேர்வும் எழுதிவிட்டாய். கடைசியில் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலையில் இரண்டு வருட அனுபவம், அதற்கு வேலை கொடுத்தவர் கையால் ஒரு கடிதம் என்றாய். அந்த இரண்டு வருடமும் நீ வேலை பார்த்தது நம் சலவை நிலையத்தில், அங்கேதான் உன் விதி மாமா ரூபத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

நான் என்ன எழுதினேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது, தெரிந்துகொள். இவர் வருமுன் எங்கள் நிலையம் பாலைவனம், இவர் வந்து ஓர் ஆற்றையே திருப்பி எங்கள் வாசலுக்குள் விட்டார், இவர் கை பட்ட தண்ணீர் மற்ற தண்ணீரிடம் பெருமை பேசும், இப்படி இரண்டு பக்கம். தெருமுனை மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு கமா பிசகாமல் அவர்கள் மொழியில் மாற்றிக் கொடுத்தார். நேர்மையான மனிதர், அதுதான் வினையாகப் போயிற்று. திருப்பப்பட்ட ஆற்றின் பெயர் என்ன, எவ்வளவு தூரம் திருப்பப்பட்டது, அரசு அனுமதி உண்டா, அதில் விண்ணப்பதாரரின் பங்கு என்ன, பத்து நாளில் விளக்கவும், இல்லையேல் இந்த ஆண்டு பரிசீலிக்க இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அன்று நீ போன் செய்து, எந்த ஆறு மாமா என்று மட்டும் கேட்டாய். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன், திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நீ சிரிக்கவே இல்லை. இந்த வருஷம் தவறினால் நீ இப்போது வேலை பார்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் குப்பி கழுவ வேண்டும் என்பது இந்த மரமண்டைக்கும் தெரியும்.

விளக்கம் எழுத நான் தாளை எடுத்ததும் உன் அத்தை சிவப்புப் பேனாவோடு எதிரே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை எழுதுங்க, நடக்காததை நான் அடிக்கிறேன் என்றாள். முதல் பக்கத்தில் மிஞ்சியது தேதி மட்டும். அப்புறம் நாங்கள் எழுந்து இயந்திரங்களுக்குப் பின்னால் போய் நின்று, நீ என்னதான் செய்தாய் என்று பார்த்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் எல்லாம் சாம்பல் பூத்து வந்த காலத்தில் நான் சோப்பைக் கொட்டிக்கொண்டே இருந்தேன், நீதான் தினமும் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து, தப்பு சோப்பில் இல்ல மாமா, தண்ணியில உப்பு ஜாஸ்தி என்றாய். கடைசி அலசலில் சுத்தமாக வெளியே ஓடிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அடுத்த சுமையின் முதல் அலசலுக்கு அனுப்பினாய். அந்த ஆறு இப்போதும் சுவரோரம் ஓடுகிறது. இரண்டு அங்குல பிளாஸ்டிக் குழாய், வளைவில் ஒரு முழங்கை இணைப்பு, கசியாமல் இருக்க நீ சுற்றிய டேப். இதை எழுதினால் யார் மதிப்பார்கள் என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதுதான் தண்ணீர் லாரிக்காரர் வந்தார். எப்போதும் போல மூக்கால் அழுதார். முன்னே ரெண்டு நடை வருவேன், உங்க மருமக குழாயைப் போட்டுட்டுப் போனதிலேருந்து ஒரு நடைதான், என் பொழப்புல பாதியை அலசிட்டுப் போயிட்டாப்பா அந்தப் பொண்ணு என்றார். உன் அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை எழுதுங்க என்றாள். அவர் புலம்பலை அப்படியே எழுதினேன். அண்ணே, இது உங்க வார்த்தைதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க என்றதும், புகார் எங்கேயோ மேலிடத்துக்குப் போகிறது என்று நினைத்து சந்தோஷமாகப் போட்டுவிட்டுப் போனார். உன்னைப் பற்றி நான் புகழ்ந்த இரண்டு பக்கம் செய்யாததை அவர் வயிற்றெரிச்சல் நாலு வரியில் செய்துவிட்டது. விளக்கம் திருப்தி, அனுபவத் தகுதி ஏற்கப்பட்டது, விண்ணப்பம் முழுமை என்று இன்று காலை பதில் வந்தது. உனக்கும் வந்திருக்கும். இனி இடம் கொடுப்பது அவர்கள் பாடு, கொடுக்காவிட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணி ஒன்றையும் நான் இந்த ஜென்மத்தில் துவைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. ஆற்றை விசாரித்து வந்த அந்த முதல் கடிதத்தோடு எனக்கு ஒரு கேள்விப் படிவமும் வந்திருந்தது. கடைசிக் கேள்வி, இவருக்கு மீண்டும் வேலை கொடுப்பீர்களா, ஆம் அல்லது இல்லை. வேலை என்ன, கடையையே எழுதி வைப்பேன், என்னையும் துவைத்துக் காயப் போடலாம் என்றெல்லாம் கை துறுதுறுத்தது. எழுத இடமில்லை, சின்னதாக இரண்டு கட்டம்தான். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதுவரை ஓரமாக நின்ற உன் அம்மா கிட்டே வந்து, ஆமான்னு போட்டா பிள்ளையைத் திருப்பி இங்கேயே அனுப்பிடுவாங்களாடா என்று மெதுவாகக் கேட்டாள். அனுப்ப மாட்டாங்க அக்கா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த விரிப்பையே மறுபடி பிரித்து மடித்தாள். அந்தக் கேள்வியில் பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று உன் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ அவளுக்குத் தனியாகப் போன் செய், நான் குறுக்கே வர மாட்டேன்.

பெரிய படிப்புப் படித்து, நல்ல தண்ணீர் குடித்து, நூறு வயது இருந்து, அப்போதும் என் பேச்சில் பாதியை மட்டும் நம்பி நன்றாக இரு. ஜன்னலுக்கு யாரையாவது கூப்பிட்டுக் கொண்டி போடச் சொல். வகுப்பில் யாராவது அந்த ஆற்றைப் பற்றி விசாரித்தால் மாமா மானத்தை வாங்காதே, வற்றிவிட்டது என்று சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
இரண்டு அங்குலக் குழாயின் ஏகபோக அதிபதி,
உன் மாமா