நாலு மடிப்புச் சாக்கில் நின்றுபோன மிஷின்

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அம்மா சங்கரம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உன் அக்கா அனுசியாவுக்கு இது ஏழாம் மாதம், அவளும் சுகம். மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று நம்ம அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கும்பிட்டு முடிந்தது, இனி கோபம்தான். போனில் குரலை உயர்த்தினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் தாளில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்ப அனுசியாவிடம் சொல்கிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

நீ அனுப்பிய தையல் மிஷின் வந்தது. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் பூப் போடுகிறது, கொடி போடுகிறது, மயில்கூடப் போடுகிறது. நான் என்றைக்கடா மயில் போட்டேன்? மாசி பங்குனியில் அம்மா என்ன தைக்கிறாள் என்று உனக்குத் தெரியாதா? மிளகாய் வத்தல் காயப்போடுவதற்குப் பழைய உரச்சாக்கைப் பிரித்து ஒன்றோடு ஒன்று மூட்டிப் படுதா தைக்கிறேன், நம்ம ஊர்க் களத்தில் பாதிக்குப் பாதி என் தையல்தான் விரிந்து கிடக்கிறது. செடியில் பழம் பழுத்து நிற்கிறது, எட்டு வீட்டுச் சாக்கு என் வாசலில் குவிந்திருக்கிறது, பழைய மிஷினோ ஷட்டில் தேய்ந்து தையலை விட்டுவிட்டுப் போடுகிறது. இந்த நேரத்தில் உன் மிஷினில் சாக்கை நாலு மடிப்பாக வைத்தேன், ஊசி பட்டென்று ஒடிந்தது, வேறு ஊசி மாற்றினேன், ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றே போனது. கரண்டு போனால் மிதித்து ஓட்டலாம் என்றால் கீழே காலுக்கு ஒன்றும் இல்லை. என்ன துணி தைக்கிறாய், எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? படத்தைப் பார்த்து வாங்கிவிட்டாய்.

சரி, பிள்ளைக்கு விவரம் தெரியவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, உன் மாமன் சோணைமுத்துவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வேறு மிஷின் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லா விவரத்தையும் தம்பியிடமே சொல்கிறார், ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத அவனும் தலையை ஆட்டுகிறான். மெல்லிசான ரவிக்கைத் துணியை வைத்து ஓட்டிக் காட்டினார். அதை எந்த மிஷின்தான் தைக்காது? நான் பையிலிருந்து உரச்சாக்கை எடுத்து நாலாக மடித்து அவர் முன்னால் போட்டு, இதில் ஓட்டுங்கள் என்றேன். மூன்று மிஷின் திக்கித் திணறியது, நாலாவதாக ஒன்று, கறுப்பாக, நல்ல இரும்பு உடம்பு, நிற்காமல் தைத்துக்கொண்டு போனது. அதில் மோட்டாரும் மாட்டலாம், என் முழங்கால் வலிக்கு அது தோது, கரண்டு இல்லாத நேரத்துக்குக் கால்மிதியும் உண்டு. பாகம் தேய்ந்தால் டவுனிலேயே கிடைக்கும். அதையே எடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உன் மாமன் உளறினான். "அக்கா, செல்வக்குமாரு அவனுக்குப் பேசி வச்சிருக்க பொண்ணு வீட்டுல, அம்மா சேலைக்குப் பூ வேலை செய்றாகன்னு சொல்லி வச்சிருக்கான். பங்குனிக் கடைசில அவுக வீடு பாக்க வாராகல்ல, அதுக்குள்ள சாக்கையெல்லாம் ஒதுக்கிரச் சொன்னான்" என்றான். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அப்படியென்றால் அந்த மிஷின் எனக்காக வாங்கியது இல்லை, உன் பொய்க்காக வாங்கியது. சாக்குத் தூசியில் இருமி இருமித் தைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்று சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் என்ன, திருடியா பிழைத்தேன்? பெற்றவளை ஒளித்து வைத்துத்தான் உனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமா? உன் அப்பா, விடு, சின்னப்பையன் என்கிறார். இருபத்தெட்டு வயசுச் சின்னப்பையன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலையில் காரியாபட்டிக்கு, பொண்ணோட அம்மா தங்கலட்சுமிக்கு, நானே போன் போட்டேன். உள்ளதைச் சொன்னேன், பூ வேலை எனக்கு வராது, நான் சாக்குப் படுதா தைக்கிறவள், பிடித்தால் வாருங்கள் என்று. அதற்கு அவர், "மதினி, எங்க களத்துக்கும் ரெண்டு படுதா வேணும், வரும்போது சாக்கக் கொண்டாந்துரட்டா?" என்று கேட்டார். அவர்களுக்கு வராத வெட்கம் உனக்கு எங்கிருந்தடா வந்தது?

பூ மிஷினை அனுசியாவுக்குக் கொடுத்துவிட்டேன், பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சட்டை தைக்க அது நல்ல மிஷின்தான், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் தலையில் துண்டு கட்டாமல் நிற்காதே. நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. பங்குனி இருபதுக்குள் வந்து சேர், மறந்துவிடாதே. வந்து அவர்கள் முன்னால் அந்தப் பொய்யை உன் வாயாலேயே திருத்து, அதற்குப் பிறகு என் கையால் காப்பி குடிக்கலாம்.

இப்படிக்கு,
சாக்குப் படுதா தைக்கிற உன் அம்மா,
சங்கரம்மாள்