நீ மஞ்சள் பூசிய பானை

இன்று காலை என் மனைவி புதுப்புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கப் புளிப்பு வாசம். ஒரு கொட்டை உருண்டு வந்து என் காலடியில் நின்றது. குனிந்து எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், மச்சான். இன்றைக்கு நம் ஜெட்டிக் கூலிகள் சங்கத்தில் தலைவர் தேர்தல். நீ இருந்திருந்தால் விடிந்தும் விடியாமலும் வந்து கதவைத் தட்டியிருப்பாய். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ஒருவரைப் பிடித்துப்போனால் உனக்குத் தலைகால் புரியாது. அந்த வருடம், கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற பெரியவர் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்று கேட்டதிலிருந்து உனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஜெட்டியில் முறை வைத்து ஆள் எடுக்க வேண்டும், பேர் எழுதிவைத்து இன்று இவன், நாளை அவன் என்று. அதுவரை மேஸ்திரி விரல் நீட்டிய ஆளின் வீட்டில்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அந்த மேஸ்திரிதான் அவரை எதிர்த்து நின்றார். நானோ மேஸ்திரியின் ஆட்களில் ஒருவன்.

வேலை முடிந்ததும் நீ சம்பான் படகு பிடித்து ஆற்றுக்கு அக்கரையில் நம் ஆட்கள் இருக்கும் டாலாவுக்குப் போய்விடுவாய். அங்கே குடிசை குடிசையாக ஏறி இறங்கினாய். உன் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு அலைந்ததில்லை. நானும் இரண்டு நாள் கூட வந்தேன். "ஞாயித்துக்கிழமை ஆத்தத் தாண்டி வா. பெரியவரு வந்தா உனக்கும் முறை வரும். ஆள விட்டுப் போடச் சொல்லாத, உன் கையால போடு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய். பத்து வீட்டில் சொன்னதையே பதினோராவது வீட்டிலும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வாய். எனக்குத்தான் கொட்டாவி வரும்.

நம்மில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் த்வாண்டே ஊர் மண்பானைகள் இரண்டை ஒரு வேட்டி மறைப்புக்குப் பின்னால் வைத்தார்கள். கயிறு சுற்றியது பெரியவருக்கு, துண்டு கட்டியது மேஸ்திரிக்கு. உள்ளே போகிறவனுக்கு ஒரு புளியங்கொட்டை. வாசலில் நின்று கொடுத்தது நீ. என் கையில் விழுந்த கொட்டை ஒரு பக்கம் தேய்த்ததில் வெளுத்திருந்தது. கப்பல் வராத நாட்களில் நாம் தாயம் ஆடிய கொட்டை அது. எப்படியோ கூட்டத்தில் கலந்துவிட்டது. "நம்ம கொட்டைடா, ராசியானது" என்று கண்ணடித்தாய்.

எல்லாம் சரியாக நடந்திருக்கும், நீ சும்மா இருந்திருந்தால். காலையிலேயே யாருக்கும் தெரியாமல் போய், பெரியவர் பானைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டுவிட்டாய்.

ஆளுக்கொரு பானையாக எண்ணினார்கள். மேஸ்திரியின் பானை உன் முன்னால். எண்ண எண்ண உன் முகம் செத்துப்போனது. நீ கெஞ்சி அழைத்துவந்த டாலாக்காரர்கள் அத்தனை பேரும் துண்டு கட்டிய பானையிலேயே போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களில் மூத்தவர் உன்னையே குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

"அம்மன் கரகம் மாதிரி மஞ்சப் பூசி மாலை போட்டு வச்சிருக்கு. வாயில சப்பித் துப்புன கொட்டைய அதுலயா போடச் சொல்றே? கும்பிட்டுட்டுப் பக்கத்துப் பானையில போட்டோம்."

சபை சிரித்தது. பெரியவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "மஞ்சப் பூசினது நான். தப்பு என்னோடது. அடுத்த ஞாயித்துக்கிழமை வெறும் பானைய வச்சுத் திரும்பப் போடுவோம்" என்றாய். மேஸ்திரி முறைத்தார். டாலாக்காரர்கள் மொத்தமாக எழுந்து, தாங்கள் ஆற்றைத் தாண்டி வந்தது பெரியவருக்காகத்தான் என்றதும் மேஸ்திரிக்கும் வேறு வழியில்லை.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நானும் துண்டு கட்டிய பானையில்தான் போட்டேன். அம்மனுக்குப் பயந்து அல்ல, மேஸ்திரிக்குப் பயந்து. மறைப்புக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கை அந்தப் பக்கமே போனது. எல்லோரும் மஞ்சளைச் சொல்லிச் சிரித்தபோது நானும் அதற்குள் ஒளிந்துகொண்டு சிரித்தேன். எண்ணும்போது ஒரு இடத்தில் உன் கை சற்று நின்றதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க உன் கண்ணில் படாமல் நடந்தேன்.

அடுத்த ஞாயிறும் வாசலில் நீதான் நின்றாய். என் முறை வந்தது. மற்றவர்களுக்குக் கூடையிலிருந்து கொடுத்த நீ, எனக்கு மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். அதே பாதி வெளுத்த கொட்டை. என் விரல்களை நீயே மடக்கிவிட்டாய்.

"எந்தப் பானைன்னு நான் கேக்கல, மச்சான். கை உன்னுதா இருக்கட்டும்."

கயிறு சுற்றிய பானையில் போட்டேன். பெரியவர் ஜெயித்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் நீ பானையிலிருந்து எடுத்துவந்த அந்தக் கொட்டையை என் பக்கம் நகர்த்தினாய். அதற்குப் பிறகு நீ இருந்தவரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, குடிபோதையில்கூட. நீ என்னைத் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

இன்றும் முறைப்படிதான் ஜெட்டியில் பேர் கூப்பிடுகிறார்கள். பெரியவர் வயதாகி ஒதுங்கிவிட்டார், அவருடைய கோஷ்டியில் இருந்த ஒருவர் நிற்கிறார். நல்ல மனிதர், எனக்கு ரொம்பப் பிடித்தவர். டாலாவுக்குப் போய் ஆட்களை அழைத்துவர இப்போது நான்தான். சம்பானில் உட்கார்ந்து இக்கரை சேரும்வரை அவரைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவேன். நீ சிரிப்பாய், எனக்கும் உன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

பாதி வெளுத்த கொட்டை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுக்கும் வேலையும் என்னுடையதுதான். பயந்த முகத்தோடு எவனாவது வருவான், வருடம் தவறாமல் ஒருவன் வருகிறான். அவன் விரல்களை மடக்கிவிடுவேன். திரும்பி வரும்போது எந்தப் பானை என்று கேட்க மாட்டேன்.